கலியமூர்த்தி சாரும் கோயில் தேனும்

செய்தி கோயில் செயலாளர் தண்டபாணியின் எண்ணிலிருந்து வந்ததால் நான் முதலில் நம்பவில்லை. வெளியூர் போயிருந்த இடத்தில், சாயங்காலம் காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் பழைய பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில் அது வந்து விழுந்தது. 'நம் கலியமூர்த்தி சார் காலமானார். ஆழ்ந்த இரங்கல்.' கீழே கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக நின்றன. கலியமூர்த்தியைப் பற்றித் தண்டபாணி பரப்பிய எதையும் நான் விசாரிக்காமல் ஏற்றுக்கொண்டதில்லை. 'நம்' என்று வேறு போட்டிருந்தார். அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

சாரின் மனைவி சரோஜா அக்காவின் எண்ணுக்கு அழைத்தேன். மகன் செந்தில் எடுத்தான். பெங்களூரில் இருக்க வேண்டியவன் எடுத்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. "ஆமாங்க ஆன்ட்டி. நேத்து சாப்புட்டுப் படுத்தாரு. காலையில அம்மா எழுப்பிக்கினே இருந்திருக்காங்க, எழுந்துக்கல" என்றான். போனை வைத்துவிட்டு ஆறிப்போன காபியை அப்படியே கொட்டினேன்.

அவரை அறிந்தவர்கள் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். நெய்வேலி டவுன்ஷிப்பில் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் இன்ஜினீயராக இருந்தவர் என்றால் எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். கோயிலில் தேன் அபிஷேகத்தை நிறுத்தியவர் என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். அவரைப் பற்றி ஆளுக்கொரு சந்தேகம் வைத்திருந்தீர்கள். நானும் வைத்திருந்தேன். நான் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவள். விடை சரியாக இருந்தாலும் வழி எங்கே என்று கேட்பவள். அவரிடமும் அப்படித்தான் கேட்டேன். அவர் சொன்னதையும் நான் கண்ணால் பார்த்ததையும் இங்கே வைக்கிறேன்.

அவரை நான் முதலில் சந்தித்ததே ஒரு புகாரால்தான். எங்கள் குவார்ட்டர்ஸின் மாடி சன்ஷேடுக்குக் கீழே மலைத்தேனீ கூடு கட்டியது. முறம் அகலத்துக்குக் கறுப்பாகத் தொங்கியது. பராமரிப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். பந்தமும் ஏணியுமாக ஆட்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தால் இன்ஜினீயரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். மூக்கைச் சற்றுத் தூக்கிக்கொண்டு பேசுவார், எதையோ மோப்பம் பிடிப்பது போல. கூட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரைக் கொட்டிச்சுங்க?"

"இன்னும் யாரையும் கொட்டலை சார். கொட்டினா என்ன பண்றது?"

"அப்ப பயந்தான்" என்றார். "முந்திரி பூத்திருக்குங்க டீச்சர். அதுக்கு வந்திருக்கு. பூ முடிஞ்சா தானா போயிடும். சாயங்காலம் அந்தப் பால்கனி லைட்டை மட்டும் போடாதீங்க. லைட்டுக்குத்தான் உள்ள வரும்."

வேலை செய்ய மனமில்லாத அதிகாரி, அழகாகப் பேசிக் கழற்றிக்கொள்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது பொய்த்துப்போகட்டும், அதைக் காட்டியே மேலே எழுதலாம் என்று தினமும் மாடிக்குப் போய்க் கூட்டைப் பார்த்தேன். லைட்டைப் போடவில்லை. வெயில் ஏற ஏறக் கூட்டம் குறைந்தது. ஒரு நாள் வெறும் மெழுகு அடை மட்டும் தொங்கியது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் கடைத்தெருவில் பார்த்தால் நின்று பேசுவோம். அவர் குள்ளஞ்சாவடிப் பக்கத்து ஆள் என்று நினைத்திருந்தேன். இல்லை. அவருடைய சொந்த ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட கிராமங்களில் ஒன்று. அந்தக் குடும்பம் பிற்பாடுதான் அங்கே குடியேறியிருக்கிறது. ஒரு நாள் காய்கறிப் பையோடு நின்றுகொண்டே சொன்னார்: "எனக்கு ஒரு சந்தேகம் டீச்சர். வருஷம் பூரா தேன்கூட்டுப் புகார் ஒண்ணு ரெண்டுதான் வருது. பங்குனி பொறந்தா மட்டும் சேர்ந்தாப்பல வருது. ஆள் இல்லாத குவார்ட்டர்ஸ்ல கூடு இருக்குன்னு புகார் தர்றாங்க. ஆளே இல்லாத வூட்ல அது யாரைக் கொட்டும்?"

"பங்குனியில கூடு அதிகம், அதனால இருக்கும்" என்றேன்.

"இருக்கலாம். அப்ப ஏன் தேன் நெறைஞ்ச கூட்டுக்கு மட்டும் புகார் வருது? காலிக் கூட்டுக்கு ஒருத்தரும் வரலையே" என்றார்.

எங்கள் பிளாக் முருகன் கோயிலில் பங்குனி உத்திரம்தான் பெரிய விழா. அப்போது கோயில் கமிட்டியில் நானும் இருந்தேன். தண்டபாணி செயலாளர். தேன் அபிஷேகத்துக்கு எங்கள் கோயில் பேர் போனது. கடைத் தேன் எல்லாம் சர்க்கரைப்பாகு, நம் கோயிலில் மட்டும் சுத்தமான மலைத்தேன் என்று தண்டபாணி மைக்கில் சொல்வார். அந்தத் தேன் எங்கிருந்து வருகிறது என்று கமிட்டியில் யாரும் கேட்டதில்லை. யாரோ பக்தர் தருகிறார் என்றே நினைத்திருந்தோம். கலியமூர்த்தி பேசிவிட்டுப் போன பிறகு எனக்கு முதல் தடவையாக அந்த பக்தர் யார் என்று தோன்றியது. தண்டபாணியிடம் கேட்டேன். "பேர் வேண்டாம்னு சொல்றவங்ககிட்டதான் டீச்சர் உண்மையான பக்தி இருக்கு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அந்த வருடம் உத்திரத்துக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. பெண்கள் நாலைந்து பேர் கோயிலில் குத்துவிளக்கும் தாம்பாளமும் துலக்கிக்கொண்டிருந்தோம். உச்சி வெயில். தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் போன வேகத்தில் திரும்பி ஓடிவந்தார்கள். தொட்டிக்கு அடியில் இருந்த பெரிய கூட்டைக் கலைத்திருக்கிறார்கள். மலைத்தேனீயைப் பகலில் யாரும் தொட மாட்டார்கள். தொட்டது வேலு என்ற காண்ட்ராக்ட் தொழிலாளி. அவன் அடையை அறுத்துக் கீழே போட்ட கையோடு ஏணியிலேயே கொட்டுப்பட்டு, பாதி உயரத்திலிருந்து விழுந்துவிட்டான். எல்லா வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள். கோணியைப் போர்த்திக்கொண்டு போய் அவனைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர் கலியமூர்த்தி. வேலுவின் முகம் முகமாகவே இல்லை. கை ஒடிந்து தொங்கியது. ஆஸ்பத்திரிக்கு அவரே கூடப் போனார்.

சாயங்காலம் நேராகக் கோயிலுக்கு வந்தார். கழுத்திலும் காதிலும் தடிப்பு இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்தில் அந்தக் கூட்டைப் பற்றிப் புகாரும் இல்லை, ஆள் அனுப்பச் சொல்லி உத்தரவும் இல்லை. வேலுவிடம் யார் ஏறச் சொன்னது என்று கேட்டிருக்கிறார். "நானாத்தான் சார் ஏறினேன்" என்பதையே அவன் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான்.

"தேன் எங்க வெச்சிருக்கீங்க?" என்று எங்களைக் கேட்டார்.

மடப்பள்ளியைக் காட்டினேன். மத்தியானம் வரை அங்கே தேன் எதுவும் இல்லை என்பது உள்ளே போனதும்தான் எனக்கு உறைத்தது. அடுப்பு மேடைக்குக் கீழே மூடி போட்ட கேன் ஒன்று இருந்தது. அவர் மூடியைத் திறந்து மோந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"டீச்சர், நீங்க மோந்து பாருங்க. நான் சொன்னா சந்தேகப்படுவீங்க."

மோந்தேன். தேன் வாசனைக்கு மேல் புகை வாசனை. கரித்துணி எரிந்த நெடி.

பின்னாலேயே தண்டபாணி வந்துவிட்டார். "பக்தர் கொடுத்தது சார். இங்கே எல்லாம் நீங்க இன்ஸ்பெக்ஷன் பண்ண வேண்டாம்" என்றார்.

கலியமூர்த்தி மடப்பள்ளியைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் ஒரு அன்னக்கூடை இருந்தது. அதற்குள் தேன் வடிகட்டிய வேட்டித் துணி முறுக்கியபடி கிடந்தது. அதை எடுத்துக் கருங்கல் மேடையில் விரித்தார். நசுங்கிய மெழுகுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பூக்கூடையோடு உள்ளே வந்த குருக்கள் எட்டிப் பார்த்தார்.

"என்ன அது, புழுவா?"

"புழு இல்லீங்க சாமி. குஞ்சு" என்றார் கலியமூர்த்தி. "அடையோட சேத்துப் புழிஞ்சா அதோட சாறும் தேன்லதான் வரும்."

எங்களோடு இருந்த ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். குருக்கள் பூக்கூடையைக் கீழே வைக்கவும் இல்லை, கையிலும் சரியாகப் பிடிக்கவில்லை. வருடா வருடம் அந்தத் தேனைத்தான் அவர் தன் கையால் முருகன் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அன்று மண்டபத்தில் கமிட்டி கூடியது. கூட்டம் என்று யாரும் கூட்டவில்லை. விஷயம் பரவி ஆட்கள் தாங்களாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தண்டபாணிக்குப் பேசத் தெரியும். இந்த மனிதர் வடலூர்ப் பக்கம் போய் வருகிறவர், அங்கே உள்ள உயிர்க்கொலை கூடாது என்ற வழக்கத்தை நம் கோயிலில் நுழைக்கப் பார்க்கிறார் என்றார். அது நிறையப் பேருக்குச் சரியாகவே பட்டது.

"நான் சபைக்காரன் இல்லீங்க" என்றார் கலியமூர்த்தி. "தைப்பூசத்துக்குப் போவேன், கூட்டத்துல நின்னு ஜோதி பாத்துட்டு வருவேன். எங்க அம்மா கூட்டிக்கினு போன பழக்கம். அவ்ளோதான்."

தண்டபாணி விடவில்லை. "சரி, தேன் பாவம்னா பால்? கன்னுக்குட்டிக்கு உள்ளதைத்தானே கறந்து ஊத்தறோம்? அதையும் நிறுத்திடலாமா? சாமி பட்டு உடுத்தியிருக்கு, அது எத்தனை பூச்சி?"

கலியமூர்த்தி அவர் பக்கம் திரும்பினார். "நீங்க கேக்கறது ஞாயந்தான். அதுக்கெல்லாம் என்கிட்ட பதில் இல்ல. ஆனா மாட்டக் கொளுத்திட்டு யாரும் பால் கறக்கிறதில்லீங்க. இங்க வூட்டையும் கொளுத்தி, குஞ்சையும் புழிஞ்சு, அந்தப் பையனையும் ஏத்திவிட்டு, அதுக்கப்புறம் அரோகரான்னு சொல்றோம். எனக்கு வாய் வரல."

"வூட்டைக் கொளுத்தறதைப் பத்தி நீங்க பேசறீங்களா?" என்றார் தண்டபாணி. குரல் உயர்ந்துவிட்டது. "இந்த ஊரே தோண்டின ஊரு. எத்தனை மரம், எத்தனை புத்து, எத்தனை ஊர் உள்ளே போச்சு? அதுல வந்த சம்பளத்துலதான் நீங்களும் சோறு தின்னீங்க, நானும் தின்னேன். இந்த மைக்கே அந்தக் கரண்ட்லதான் ஓடுது. தேனீக்கு மட்டும் உங்களுக்குக் கண்ணீர் வருதோ?"

அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. இன்றும் இருக்கிறது. கலியமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எங்க வூடும் அதுக்குள்ளதான் போச்சு. அதுக்குப் பதிலாத்தான் எங்கப்பாருக்கு வேலை வந்துச்சு, நான் படிச்சேன். அத நிறுத்த என்னால ஆவாது. நிறுத்தணுமான்னும் எனக்குத் தெரியல. இது ஒரு கேன் தேன். இத நிறுத்த நம்மால ஆவும்."

குருக்கள் தொண்டையைச் செருமினார். அவர் சண்டைக்குப் போகிறவர் அல்ல. தண்டபாணி சொன்னதற்கு மறுபேச்சுப் பேசி நாங்கள் பார்த்ததில்லை.

"ஆகமத்துல தேன் இருக்கு. இல்லைன்னு நான் சொல்ல முடியாது. ஆனா பூஜைக்கு ஒரு திரவியம் கிடைக்கலேன்னா அதுக்குப் பதிலா அட்சதை சமர்ப்பிக்கலாம். அதுக்கு இடம் இருக்கு. நாளைக்கு நான் அட்சதை போடறேன்" என்றார்.

"கடைக்குக் கடை தேன் விக்குது சாமி. கிடைக்கலைன்னு எப்படிச் சொல்வீங்க?"

"எனக்குக் கிடைக்கலை" என்று சொல்லிவிட்டுக் குருக்கள் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் உத்திரத்தில் பால் ஆயிற்று, தயிர் ஆயிற்று. தேனுக்கு முறை வந்தபோது குருக்கள் தட்டிலிருந்து அட்சதையை எடுத்து, கண்ணை மூடி ஏதோ சொல்லி, முருகன் பாதத்தில் போட்டார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். கலியமூர்த்தி பின்னால், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஜெயித்த முகம் அல்ல அது. பிரசாதமாகப் பஞ்சாமிர்தம் கொடுத்தபோது வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்த பிறகுதான் வாயில் போட்டார். குருக்கள் அதைக் கவனித்துச் சிரித்ததையும் பார்த்தேன். கேனில் இருந்த தேன் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. தண்டபாணி வீட்டில் அந்த வருடம் யாருக்கும் இருமல் வந்ததாகக் கேள்விப்படவில்லை.

வேலுவின் கை கூடிவிட்டது. அவனை ஏறச் சொன்னது யார் என்று அவன் கடைசி வரை வாய் திறக்கவில்லை. கலியமூர்த்தி எத்தனையோ முறை கேட்டும் அதே பதில்தான். காண்ட்ராக்ட் வேலை செய்கிறவன் வாயிலிருந்து பெயர் வராது என்று அவருக்கும் தெரியும். "அவன் சொல்லாததும் எனக்கு ஒரு பதில்தான் டீச்சர்" என்றார். தண்டபாணிதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதனால் எழுதவில்லை. என் மனதில் இருப்பதை இதைப் படிக்கிறவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

நானும் கலியமூர்த்தியும் அடுத்தடுத்து ஓய்வு பெற்றோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இரண்டு குடும்பமும் வடலூரில் வீடு கட்டிக்கொண்டோம். நாலு தெரு தள்ளி அவர் வீடு. வந்த கொஞ்ச நாளில் சரோஜா அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. எதைக் கொடுத்தாலும் தொண்டையில் இறங்காமல் புரையேறும். அந்த அம்மாள் சத்தமாகச் சிரிக்கக்கூடியவர்.

டவுன்ஷிப்பில் ஒரு பேச்சு கிளம்பியது. சாமிக்குக் குறை வைத்தான், பெண்டாட்டி படுத்துவிட்டாள் என்று. யார் முதலில் சொன்னது என்று நான் விசாரித்தபோது எல்லோரும் இன்னொருவரைக் கை காட்டினார்கள். கலியமூர்த்தியின் காதுக்கும் அது போயிருந்தது. கோயில் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார்.

அப்போதுதான் குழுவில் அந்தப் படம் வந்தது. குள்ளஞ்சாவடிக் கூட்ரோட்டில், சாலையோரம் தேன் விற்கிறவரிடம் கலியமூர்த்தி பாட்டில் வாங்கிக்கொண்டிருக்கிறார். யாருக்கும் தெரியாமல் பஸ்ஸிலிருந்து எடுத்த படம். கீழே தண்டபாணி எழுதியிருந்தார்: 'பரிகாரம் செய்கிறார் போலும். முருகன் விடுவானா?'

அன்று முழுக்க எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தண்டபாணி சொல்வதை நான் நம்புவதில்லை, ஆனால் படத்தில் இருந்தது அவரேதான். வாங்கியதும் தேன்தான். மண்டபத்தில் ஊர் முன்னால் பேசியவர், பயம் வந்ததும் ரகசியமாகச் சாமிக்குத் தேன் கொண்டுபோய்க் கொடுக்கிறாரா? அப்படியானால் அன்று வேலுவைக் காட்டிப் பேசியதற்கு என்ன அர்த்தம்? மனதிலேயே வைத்துப் புழுங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. போனை எடுத்துக்கொண்டு நடந்தே அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவு திறந்திருந்தது. சமையல்கட்டில் நின்று சின்னக் கிண்ணத்தில் எதையோ குழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தத் தேன் பாட்டில். படத்தை அவர் முன்னால் நீட்டினேன்.

"இது என்ன சார்?"

பார்த்தார். "நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு கிண்ணத்தைக் காட்டினார். நாட்டு வைத்தியர் கொடுத்த சூரணம். தண்ணீரில் கொடுத்தால் புரையேறுகிறது, வெல்லப்பாகில் கொடுத்தால் துப்பிவிடுகிறாள், தேனில் குழைத்தால் மட்டும் மெல்ல இறங்குகிறது என்றார்.

"அப்ப தேன் கூடாதுன்னு சொன்னது?"

"கூடாதுதான். இப்பவும் வாங்கும்போது அந்த ஆள்கிட்ட பத்துக் கேள்வி கேக்கறேன். அடையப் புழிஞ்சியா, குஞ்சு இருந்த பக்கத்த விட்டுட்டு அறுத்தியான்னு. விட்டுட்டுத்தான் அறுத்தேன்றாரு. நெசமான்னு யாருக்குத் தெரியும்? எனக்குச் சந்தேகந்தான். ஆனாலும் வாங்கிக்கினு வர்றேன்."

"பரிகாரம்னு எழுதியிருக்காங்க. ஏன் சார் பதில் போடாம இருக்கீங்க?"

அவர் குழைப்பதை நிறுத்தவில்லை. "சாமி என்கிட்ட தேன் கேட்டதில்லீங்க டீச்சர். கேட்டதெல்லாம் செயலாளருதான். இவ கேட்டா. பேச்சே வராதவ, பாட்டிலப் பாத்து வாயத் தொறந்தா. நான் என்ன பண்ணட்டும்?"

உள்ளே போய் சரோஜா அக்காவின் தலையை மடியில் தூக்கிவைத்து விரலால் கொஞ்சம் கொஞ்சமாக நாக்கில் தடவினார். அக்கா விழுங்குகிறாரா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்கு வந்து குழுவில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். சிலர் நம்பினார்கள். சிலர், டீச்சரை அவர் நன்றாகப் பேசி அனுப்பியிருக்கிறார் என்றார்கள். தண்டபாணி ஒன்றும் எழுதவில்லை.

சரோஜா அக்காவுக்குப் பேச்சு திரும்பியது. வைத்தியர் மருந்தா, ஆஸ்பத்திரி மருந்தா, தினமும் கை கால் பிடித்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்று பேசுவார். கைத்தடி ஊன்றிக்கொண்டு நடப்பார். அவர் தேறிய பிறகு அந்த வீட்டில் தேன் பாட்டிலை நான் பார்க்கவில்லை. போகும்போதெல்லாம் அலமாரியை ஒரு கண் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். கலியமூர்த்திக்கும் அது தெரியும். "கீழ்த்தட்டையும் பாத்துடுங்க டீச்சர்" என்பார்.

அவர் இறந்து பதினாறாம் நாள் கருமாதி. தண்டபாணி வந்திருந்தார். எதற்கு வந்தார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். புரோகிதர் பிண்டத்துக்குப் பச்சரிசிச் சோறு, எள், நெய் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, "தேன் கொண்டாங்க" என்றார். செந்தில் விழித்தான். கடைக்கு ஆள் அனுப்பவா என்று யாரோ கேட்டார்கள். செந்தில் என் பக்கம் குனிந்து, "அப்பா இதுக்கு ஒத்துக்குவாரா ஆன்ட்டி?" என்றான். சாமிக்கு வேண்டாம் என்றவர். பெண்டாட்டிக்கு வாங்கியவர். தனக்கு என்ன சொல்லியிருப்பார்?

"வேணாம்" என்றார் சரோஜா அக்கா, நாற்காலியில் இருந்தபடி. எல்லோரும் திரும்பினார்கள். "எனக்கோசரம்... தொட்டாரு. அவருக்கு... வேணாம்."

"சம்பிரதாயம்மா" என்றார் புரோகிதர்.

"வெல்லம்... போடுங்க."

வீட்டில் வெல்லம் தீர்ந்திருந்தது. யார் போவது என்று பேசுவதற்குள் தண்டபாணி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் வெல்லம் வாங்கி வந்து புரோகிதர் கையில் கொடுத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மனம் மாறிப் போனாரா, நான்கு பேர் பார்க்கட்டும் என்று போனாரா? அதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஆனால் போனது அவர்தான் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு சரோஜா அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நாளாக ஒரு கேள்வி இருந்தது. கேட்கும் இடமா என்று தயங்கினேன், பிறகு கேட்டே விட்டேன்.

"அக்கா, உங்களுக்கு மருந்து குழைச்சுக் கொடுத்தாரே, விரல்ல ஒட்டினதை அவர் என்ன பண்ணுவாரு?"

அவர் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு வந்தது. "நானும்... அதத்தான்... பாத்துக்கினே இருப்பேன்" என்றார். படுத்த படுக்கையாக, பேச முடியாமல், கண்ணை மட்டும் திருப்பித் திருப்பி, இந்த மனிதர் நக்குகிறாரா என்று தினமும் பார்த்திருக்கிறார். தினமும் அவர் எழுந்து போய்க் குழாயில் கை கழுவியிருக்கிறார்.

"ஒரு நாள் கூடவா இல்ல?"

"ஒரே... ஒரு நாள். நக்கிட்டாரு. நான் பாத்துட்டேன். நான் பாத்ததையும்... அவரு பாத்துட்டாரு."

"என்ன சொன்னாரு?"

சரோஜா அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு அந்த வார்த்தைகளைத் தனித்தனியாக எடுத்து வைத்தார். "நல்லாத்தான் இருக்கு சரோஜா. அதான் தொந்தரவே... அப்படின்னாரு."

கலியமூர்த்தி சாரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். அவர் ருசி தெரியாமல் வேண்டாம் என்றவர் அல்ல. அது எவ்வளவு ருசி என்று விரல் நுனியில் தெரிந்துகொண்டு, எழுந்து போய்க் கை கழுவியவர்.